மிதிவண்டிக்கு ஓர் இடம்

ஜார்ஜ்டவுனின் ஆர்மேனியன் சாலையில் ஒரு பழைய மிதிவண்டி சுவரை ஒட்டி நிற்கிறது. லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் அச்சுவரில் தீட்டிய இரு குழந்தைகள் அதில் ஏறிச் செல்வதுபோல் தோன்றும். குழந்தைகள் ஓவியம், மிதிவண்டியோ உண்மையானது. அதை யாரும் ஓட்டிச் சென்றுவிட முடியாது. அது சுவரோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. எந்நேரமும் பலர் கண்முன்னே இருக்கிறது. கல்லூரி மாணவரின் மிதிவண்டிக்குப் பெரும்பாலும் இவ்விரண்டும் வாய்ப்பதில்லை.

பினாங்கில் மிதிவண்டி வெறும் பொழுதுபோக்கன்று. 1969இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளலாம். முன்பு பிரிட்டிஷ் படைமுகாமாக இருந்த மிண்டன் மேட்டுநிலத்தில் அதன் வளாகம் பரந்து கிடக்கிறது. இத்தகைய வளாகத்தில் விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்திற்கு வெயிலில் நடப்பவருக்கே மிதிவண்டியின் அருமை புரியும்.

மிதிவண்டி திருடுபோனால், "பூட்டவில்லையா?" என்பதே எவரும் கேட்கும் முதல் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். மெல்லிய கம்பிவடப் பூட்டைச் சிறிய வெட்டுக்குறடே அறுத்துவிடும். கெட்டியான யூ வடிவப் பூட்டு அவ்வளவு எளிதில் பணியாது. சக்கரத்தை மட்டும் பூட்டினால், சக்கரம் நிற்கும், மற்றது போய்விடும். சட்டகத்தையும் சக்கரத்தையும் சேர்த்து, அசையாத இரும்புக் கம்பியோடு பூட்ட வேண்டும். ஆனால், அந்த இரும்புக் கம்பி எங்கே? அதை அமைத்துத் தருவது மாணவரின் கடமையன்று, நிருவாகத்தின் கடமை. கம்பி இல்லாத இடத்தில் மாணவர்கள் படிக்கட்டின் கைப்பிடியில் பூட்டுகிறார்கள். தீ விபத்து நேர்ந்தால் அதுவே வழியை அடைக்கும்.

நிறுத்துமிடம் இருந்தாலும் அது கட்டடத்தின் பின்புறம், குப்பைத்தொட்டிக்கு அருகில் இருந்தால் பயனில்லை. திருடனுக்குத் தேவை இருட்டும் தனிமையும். நூலக வாசலிலும் சிற்றுண்டிச்சாலை முன்பும் நிறுத்துமிடம் அமைந்தால், போவோர் வருவோரே காவலர்கள். இடமில்லை என்ற பதிலை ஏற்பது கடினம். மகிழுந்து ஒன்று நிற்கும் இடத்தில் ஏறத்தாழ பத்து மிதிவண்டிகள் நிற்கும்.

அதிகம் பேசப்படாத சிக்கல் இன்னொன்று உண்டு. படிப்பு முடித்துச் செல்பவர்கள் தம் மிதிவண்டிகளை அப்படியே விட்டுச் செல்கின்றனர். துருப்பிடித்த அந்தக் குவியலிடையே ஒருவன் குறடும் கையுமாக நின்றாலும் யாரும் ஐயுறுவதில்லை. பழைய வண்டியைத்தானே அகற்றுகிறான் என்று கடந்து போகிறார்கள்! எந்த வண்டி யாருடையது என்ற பதிவு இருந்தால் இந்தக் குழப்பம் நேராது.

பதிவு புதிய கருத்தன்று. முற்காலத்தில் மலாயா நகரங்களில் மிதிவண்டிக்கும் உரிமத் தகடு இருந்தது. ஜப்பானில் 1994 முதல் மிதிவண்டிப் பதிவு சட்டப்படி கட்டாயம்; ஒட்டுவில்லையின் எண்ணைக் கொண்டு காவல்துறை உரிமையாளரைக் கண்டறிகிறது. நம் மிதிவண்டிகள் பலவற்றிலும் மிதிகட்டைகளுக்கு இடைப்பட்ட அடிப்பகுதியில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். குனிந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே. அந்த எண் தெரியாமல் புகார் கொடுப்பவர், "நீல நிற வண்டி" என்பதற்குமேல் என்ன சொல்வார்? மலிவாகக் கிடைக்கிறதென்று எண்ணைப் பாராமல் வாங்குபவருக்கும் ஆபத்து உண்டு. குற்றவியல் சட்டத்தின் 379ஆவது பிரிவு திருடியவரை ஏழாண்டு வரை சிறைக்கு அனுப்பலாம். திருட்டுப் பொருள் என அறிந்தே வாங்கியவரை 411ஆவது பிரிவு விடாது.

ஒரு பழைய வண்டிக்கு இத்தனை பாடா என்று சிலர் கேட்கலாம். வண்டியை இழந்த மாணவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். பலர் மோட்டார் சைக்கிளுக்கு மாறுகின்றனர். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. மிதிவண்டியிலும் இடர் இல்லாமலில்லை. மழையில் நனைந்த பிரேக் சரிவில் உடனே பிடிக்காது. விளக்கில்லாத வண்டி இரவில் ஓட்டுநர் கண்ணுக்குப் படாது. ஆயினும் வளாகத்திற்குள் வேகத்தைக் குறைத்து, தனிப்பாதை ஒதுக்கினால் இவ்விடரைப் பெரிதும் தணிக்கலாம்.

புதிய மாணவர்கள் விடுதியில் சேரும் நாளில் அறைச்சாவி கொடுக்கும் மேசையிலேயே மிதிவண்டியின் எண்ணையும் எழுதிக்கொள்ளலாம். அதற்கு ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும்.