மணியக்காரர் மகனுக்கு மணியம். தலைவர் மகனுக்குத் தலைமையா?

ஆலை வாயிலில் துண்டுப் பிரசுரம் கொடுக்கப் போகும் நம் தோழர்களை மடக்கி ஒரு கேள்வி கேட்பது வழக்கமாகிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கேட்கிறார்கள். ஆவடியில் கேட்கிறார்கள். பூந்தமல்லிப் பக்கம் களத்துமேட்டிலும் கேட்கிறார்கள். "குடும்ப ஆட்சி, வாரிசு அரசியல் என்று மேடைக்கு மேடை முழங்குகிறீர்களே, வடகொரியாவில் தாத்தா, அப்பன், பேரன் என்று மூன்று தலைமுறையாக நடக்கிறதே, அது என்ன? செங்கொடியைப் போர்த்திவிட்டால் ராஜ பரம்பரை பொதுவுடைமை ஆகிவிடுமா?"

கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. போனஸ் பேச்சை எடுத்தவுடன் கொரியாவைக் காட்டித் தப்பித்துக்கொள்ளும் முதலாளியின் ஆட்கள் ஒரு வகை. நம்மோடு போலீஸ் தடியடி பட்டவர், சந்தா கட்டுகிறவர், ஆனால் இந்த விஷயம் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது என்று கேட்கிறவர் இன்னொரு வகை. முதல் வகையினரிடம் பிறகு வருவோம். இரண்டாவது வகைத் தோழருக்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும். மென்று விழுங்குவதும், "சர்வதேச நிலைமை சிக்கலானது" என்று மழுப்புவதும் அவரை அவமதிப்பதாகும்.

பதில் இதுதான்: அது வாரிசு ஆட்சியே. தொழிலாளி வர்க்கத்தின் கொள்கைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கொரிய ஜனங்களின் தியாகத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஜப்பானிய ஏகாதிபத்தியத்தின் காலடியில் 1910 முதல் 1945 வரை நசுங்கிக் கிடந்த நாடு அது. 1950 முதல் 1953 வரை அமெரிக்க விமானங்கள் அந்த நாட்டு நகரங்களைத் தரைமட்டமாக்கின. சீனத் தொண்டர் படையோடு அங்கே போன மாசேதுங்கின் மகன் மா ஆன்யிங் 1950 நவம்பரில் அமெரிக்கக் குண்டுக்குப் பலியானார். ஒரு தலைவரின் மகன் அந்த மண்ணில் உயிரைக் கொடுத்தார். இன்னொரு தலைவரின் மகன் அதே மண்ணில் பட்டத்துக்கு வந்தார். தலைவர் மகன் என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் பாருங்கள்!

பட்டாபிஷேகம் எப்படி நடந்தது? 1980 அக்டோபரில் கூடிய தொழிலாளர் கட்சியின் ஆறாவது மாநாட்டில் கிம் இல் சுங்கின் மகன் கிம் ஜாங் இல் அடுத்த தலைவராக முன்நிறுத்தப்பட்டார். 1994 ஜூலை 8ல் தகப்பனார் காலமானார்; மகன் வந்தார். 2011 டிசம்பர் 17ல் அந்த மகன் காலமானார். முப்பது வயது நிரம்பாத பேரன் கிம் ஜாங் உன் வந்தார். ஓராண்டுக்கு முன்னால்தான், 2010 செப்டம்பரில், அவருக்கு ஜெனரல் பதவி கொடுத்திருந்தார்கள். ஆவடியில் பட்டாளக்காரர்களோடு பழகிய தோழர்களைக் கேளுங்கள், ஒரு சிப்பாய் ஹவில்தார் ஆவதற்கு எத்தனை வருஷம் பிடிக்கும் என்று!

ஆறாவது மாநாட்டுக்கு அடுத்த மாநாடு எப்போது கூடியது தெரியுமா? 2016 மே மாதத்தில். நடுவில் 36 ஆண்டுகள்! கட்சியின் மாநாடே கூடாத காலத்தில் ஒரு தலைவர் வந்து, ஆண்டு, இறந்து, அவர் மகனும் வந்துவிட்டார். வாரிசு எந்தக் கதவால் நுழைகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. மாநாட்டுக் கதவு சாத்தியிருந்தால் வீட்டுக் கதவு திறக்கும்.

இன்னொரு சங்கதி. 1970ல் அந்த நாட்டிலேயே அச்சிட்ட அரசியல் சொல் அகராதியில், பரம்பரையாகப் பட்டம் ஏறுவது சுரண்டல் சமுதாயங்களின் பிற்போக்கு வழக்கம் என்று விளக்கம் இருந்தது. 1972ல் வந்த பதிப்பில் அந்த விளக்கம் காணோம். அகராதியைத் திருத்திய கை எதற்காகத் திருத்தியது என்பதை நாம் விளக்க வேண்டுமா என்ன? 2009ல் திருத்திய அரசியல் சட்டத்திலிருந்து கம்யூனிசம் என்ற சொல்லையும் எடுத்தார்கள்.

கர்ணம் போன கதை

பூந்தமல்லி வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இந்த விஷயத்தை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அது பழைய செங்கற்பட்டு ஜில்லா. அங்கே கணக்கப்பிள்ளை மகன் கணக்கப்பிள்ளை, மணியக்காரர் மகன் மணியக்காரர். வெள்ளைக்காரன் 1895ல் பரம்பரைக் கிராம உத்தியோகங்களுக்கென்றே ஒரு சட்டம் போட்டு அதை உறுதிப்படுத்தினான். எவன் நிலம் எவன் பேரில், சாகுபடி செய்தவன் யார், தீர்வை எவ்வளவு என்பதெல்லாம் அந்தக் குடும்பத்தின் மூட்டைக்குள் கிடந்தது. குத்தகைக்கு உழுதவன் பெயரை அடங்கலில் ஏற்றச் சொல்லி அந்தத் திண்ணையின் கீழே கைகட்டி நின்றவர்கள் எத்தனை பேர்!

ஒன்றைக் கவனிக்க வேண்டும், தோழர்களே. பரம்பரை மேலே மட்டும் நிற்கவில்லை. கணக்கப்பிள்ளை மகன் கணக்கு எழுதினான் என்றால், தலையாரி மகன் காவல் நின்றான், வெட்டி மகன் வெயிலில் சேதி சுமந்து ஓடினான். மேலே ஒரு குடும்பத்துக்குப் பிறப்பால் பதவி என்று ஒப்புக்கொண்டால், கீழே ஆயிரம் குடும்பங்களுக்குப் பிறப்பால் ஏவல் வேலை என்றும் ஒப்புக்கொண்டதாகும். சாதியின் சூட்சுமமும் அதுதானே?

அந்த 1895ம் வருஷச் சட்டத்தின் வாரிசு உரிமை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று ஆந்திரத்து வழக்கொன்றில் 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். சர்க்கார் கிராமத்துப் பகுதிநேர அதிகாரிகளின் பதவிகளையே ஒழித்தது. பிறகு பரீட்சை எழுதித் தேறியவர்கள் கிராம நிர்வாக அலுவலர்களாக வந்தார்கள். பதவி போனவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1982ல் தோற்றார்கள். அந்தச் சர்க்காரோடு நமக்குப் பல சண்டைகள் இருந்தன, இதில் சண்டையில்லை.

இப்போது தேதியை ஒப்பிடுங்கள். நம் ஊர் கர்ணம் பதவி ஒழிந்தது 1980 நவம்பர். பியாங்யாங்கில் மகன் முன்நிறுத்தப்பட்டது 1980 அக்டோபர். ஒரே ஒரு மாதம்! முதலாளித்துவ சர்க்கார் ஒன்று கிராமச் சாவடியில் எதைத் தூக்கி எறிந்ததோ, அதைத் தொழிலாளர் கட்சி என்று பெயர் வைத்துக்கொண்ட கட்சி தலைநகரத்தில் தூக்கி வைத்தது.

கீழே நடந்ததும் அதுவே. 'சொங்புன்' என்று அங்கே ஒரு முறை. தாத்தா விடுதலைக்கு முன்னால் யாராக இருந்தார், நிலக்காரரா, கூலியாளா, ஜப்பான்காரனுக்கு வேலை செய்தவரா என்று பார்த்துப் பேரனுக்குப் படிப்பையும் வேலையையும் குடியிருக்கும் ஊரையும் நிர்ணயிப்பது. கூலியாள் பேரனுக்கு அதில் அனுகூலம்தானே என்று சிலர் வாதிக்கலாம். இன்றைக்கு அனுகூலம், ஆனால் பிறப்பைப் பார்த்து மனிதனை எடைபோடும் தராசு அது. அந்தத் தராசு நம் சேரிகளுக்கு எத்தனை நூற்றாண்டு என்ன செய்தது என்று தெரிந்தவர்கள் அதற்கு வக்காலத்து வாங்க முடியாது.

"அமெரிக்கா சுற்றி வளைத்து நிற்கிறது, ஒற்றுமைக்காகக் குடும்பத் தலைமை வேண்டியிருந்தது" என்பார்கள். வியட்நாமை அமெரிக்கா சுற்றி வளைக்கவில்லையா? குண்டு போடவில்லையா? யுத்தத்தின் நடுவே 1969 செப்டம்பர் 2ல் ஹோ சி மின் காலமானார். அவருக்குப் பிறகு எந்தக் குடும்பம் வந்தது? கட்சிப் பொறுப்பில் லீ டுவான் இருந்தார், ஜனாதிபதியாக டோன் டுக் தாங் வந்தார். 1975 ஏப்ரல் 30ல் சைகோன் விடுதலையானது. கூட்டுத் தலைமையால் யுத்தமே ஜெயிக்க முடிந்ததே!

கியூபாவையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அது வேறு கதை. பீடல் காஸ்ட்ரோ நோயுற்று 2006 ஜூலையில் பொறுப்பைத் தற்காலிகமாக ஒப்படைத்ததும், 2008 பிப்ரவரியில் நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்ததும் அவருடைய தம்பி ராலைத்தான். ஆனால் ராலுக்குத் தகுதி அண்ணன் வீட்டில் கிடைத்ததல்ல. 1953 ஜூலை 26ல் மோன்கடா படைவீட்டைத் தாக்கியவர்களில் ஒருவர், சிறைப்பட்டவர், மலையில் படை நடத்தியவர். அப்படியிருந்தும் அண்ணனுக்குப் பின் தம்பி என்பது நமக்கு உவப்பான காட்சியல்ல. ஆயினும் பதவிக்கு இரண்டு தவணை என்று வரம்பு கட்ட முன்நின்றவரும் ராலே. 2018 ஏப்ரலில் ஜனாதிபதிப் பொறுப்பையும், 2021 ஏப்ரலில் கட்சியின் முதல் செயலாளர் பொறுப்பையும் குடும்பத்துக்கு வெளியே இருந்த மிகேல் தியாஸ் கானெலிடம் விட்டு இறங்கினார். ருமேனியாவில் செளசெஸ்கு மனைவியை உதவிப் பிரதமராக்கி, மகனை இளைஞர் சங்கத்துக்குத் தலைவராக்கினாரே, அது எங்கே போய் முடிந்தது என்பதை 1989 டிசம்பரில் உலகம் பார்த்தது.

ஆவடியில் போட்ட தீர்மானம்

இனி முதல் வகையினர். ஐயா, நீங்கள் நிற்கும் இடம் ஆவடி! 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச மாதிரி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது இந்த ஊரில்தான். நான்கே ஆண்டில், 1959ல், பிரதமரின் மகள் அந்தக் கட்சிக்குத் தலைவரானார். அதே ஆண்டு ஜூலை 31ல், ஜனங்கள் ஓட்டுப் போட்டு அமைத்த இ.எம்.எஸ். அமைச்சரவையைக் கேரளத்தில் கலைத்தார்கள். 1966ல் மகள் பிரதமர், 1984ல் பேரன் பிரதமர். தமிழ்நாட்டில் அண்ணா 1969ல் மறைந்தபோது திராவிட முன்னேற்றக் கழகத்தின் தலைமை அவர் குடும்பத்துக்குப் போகவில்லை. 2018ல் கலைஞர் மறைந்தபோது மகனுக்குப் போயிற்று. 2024 செப்டம்பரில் பேரன் துணை முதலமைச்சரானார். 2019லும் 2021லும் 2024லும் இடதுசாரிகள் அந்தக் கூட்டணியில் நின்றது மதவெறிக் கூட்டத்தைத் தடுக்க. கூட்டணி வைத்தால் வாய்க்குப் பூட்டு என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதவில்லை. எஸ்டேட் கம்பெனிகளில் முதலாளி மகன் படிப்பு முடிந்த மறுநாள் டைரக்டர் ஆவதை மட்டும் யாரும் வாரிசு என்று சொல்வதில்லை. அதற்குப் பெயர் நிர்வாகத் திறமை!

நம் வீட்டையும் விட்டுவைக்கக் கூடாது. 2021 மே மாதம் கேரளத்தில் முதலமைச்சரின் மருமகன் அமைச்சரானார். வாலிபர் சங்கத்தின் அகில இந்தியத் தலைவராக இருந்தவர், தேர்தலில் நின்று ஜெயித்தவர் என்பது உண்மை. ஆனால் உறவு இருக்கும் இடத்தில் கேள்வியும் இரட்டிப்பாக வரும். கேட்கிற தொழிலாளி மீது எரிந்து விழ யாருக்கும் பாத்தியதை இல்லை. மேற்கு வங்கத்தில் 23 ஆண்டு முதலமைச்சராக இருந்த ஜோதிபாசு 2000 நவம்பரில் இறங்கியபோது வந்தவர் புத்ததேவ் பட்டாச்சார்யா, அவர் மகன் அல்ல. 2012ல் மார்க்சிஸ்ட் கட்சி செயலாளர்களுக்கு மூன்று தவணை என்று வரம்பு கட்டியது. இப்படிப்பட்ட விதிகள்தான் காவல். தலைவரின் நல்ல குணத்தை நம்பி உட்கார்ந்திருப்பது காவல் ஆகாது.

கடைசியாக ஒரு வாதம், அடிக்கடி காதில் விழுவது. "வேலையில் இருக்கும்போது தொழிலாளி செத்தால் அவன் பிள்ளைக்கு வேலை கொடு என்று நீங்கள்தானே போராடுகிறீர்கள்? அதுவும் வாரிசு வேலைதானே?" ஆமாம், போராடுகிறோம்; இனியும் போராடுவோம். சம்பாதிப்பவன் போய் அடுப்பு அணைந்த வீட்டுக்கு அது கஞ்சி. தகப்பன் சார்ஜ்மேனாக இருந்து செத்தாலும் பிள்ளைக்குக் கிடைப்பது அவன் படிப்புக்கு ஏற்ற கீழ்நிலை வேலை. தகப்பன் சங்கச் செயலாளராக இருந்தார் என்பதற்காக அந்தப் பையனைச் செயலாளர் நாற்காலியில் உட்கார வைக்கிறோமா? அவனும் சந்தா கட்டி, பிரசுரம் சுமந்து, மகாசபையில் கையுயர்த்தி ஓட்டு வாங்கித்தான் வர வேண்டும்.

சங்கங்களில் மகாசபை கூட்டும் காலம் வருகிறது. வரவு செலவு படித்துக் காட்டினார்களா, நிர்வாகிகள் பட்டியலை யார் முன்மொழிந்தார், போட்டி இருந்தால் ரகசிய ஓட்டு நடந்ததா, ஒரே ஆள் எத்தனை வருஷமாக அதே பொறுப்பில் இருக்கிறார் என்பதைத் தோழர்கள் எழுந்து கேட்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்கு அங்கே நாற்காலி உண்டா என்றும் கேளுங்கள்.