ஆய்வுக்கு ஒரு மேசை

இலக்கியம் பேசுவதற்கென்று கூடிய நாம் கல்லூரி அலுவலகங்களின் கணக்குப் பதிவேடுகளைப் பற்றிப் பேசப் புகுவது சில நண்பர்களுக்கு வியப்பளிக்கலாம். ஆனால் நம் வட்டாரத்தைப் பற்றி நாம் படித்து மகிழ்ந்த நூல்கள் எப்படி உருவாயின, உருவாகியிருக்க வேண்டிய நூல்கள் ஏன் உருவாகவில்லை என்று யோசித்துக்கொண்டே போனால், கடைசியில் அந்தப் பதிவேடுகளின் முன்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. எனவே இம்முறை அதைப் பேசிவிடுவோம்.

எங்கள் நண்பர் ஒருவர் இந்தச் சமவெளியில் உள்ள ஒரு கல்லூரியில் தமிழாசிரியர். சில ஆண்டுகளுக்கு முன் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் புழங்கும் தொழிற்சொற்களைத் தொகுக்க ஓர் ஆய்வுத்திட்டம் எழுதி அனுப்பினார். நல்கையும் கிடைத்தது. கல்லூரியில் பாராட்டினார்கள், அறிவிப்புப் பலகையில் பெயர் எழுதினார்கள். அதன் பிறகுதான் தொல்லை தொடங்கியது. 6,000 ரூபாய் விலையுள்ள ஒலிப்பதிவுக் கருவி வாங்க மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்டார்கள். மூன்றாவது கொட்டேஷன் வரும்போது பருவத்தேர்வு வந்துவிட்டது. பணம் முதல்வர் பெயரிலான கணக்கில் இருந்தது. முதல்வர் மாறுதலில் போனார். புதியவர் தமக்குத் தெரியாத கணக்கில் கையெழுத்திடத் தயங்கினார். அவர் தயங்கியதில் தவறில்லை. நாளைக்குத் தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. பயன்பாட்டுச் சான்றிதழ் எந்தப் படிவத்தில் அமைய வேண்டும் என்பது அந்த அலுவலகத்தில் எவருக்கும் தெரியவில்லை. இரண்டாம் தவணை வரவில்லை. செலவாகாத தொகையை வட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டு நண்பர் ஓய்ந்தார்.

அதற்குள் தம் கைப்பணத்தில் பதிவுசெய்த சில மணிநேர உரையாடல்கள் அவர் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கின்றன. அவற்றில் பேசும் மரத்தச்சர்களில் இருவர் இன்று உயிரோடில்லை. மரத்தில் பாடி கட்டிய காலத்தின் சொற்கள் இரும்புத் தகட்டின் காலத்தில் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருக்கின்றன. கருவிக்கு மூன்றாவது விலைப்புள்ளி கிடைத்துவிட்டது. அந்தச் சொற்களுக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கப் போவதில்லை.

இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை என்பதே இதில் நம்மை வருத்துவது. நிதி கொடுத்தவர்கள் தம் விதிப்படி நடந்தார்கள். அலுவலகம் தனக்குத் தெரிந்தபடி நடந்தது. ஆசிரியருக்கும் நிதிக்கும் நடுவே நின்று இரு பக்கத்து மொழியையும் அறிந்த ஒருவர் இல்லை. கற்பித்தலையே முதற்பணியாகக் கொண்ட நம் கல்லூரிகளில் அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்ற எண்ணமே இன்னும் எழவில்லை.

நாமக்கல் ஊரையே எடுத்துக்கொள்வோம். அங்கே 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் முழுப்பெயர் ‘கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம்’. பெயரிலேயே ஆராய்ச்சி இருக்கிறது. சுற்றிலும் கோழிப்பண்ணைகள், பண்ணைக்காரருக்குத் தீவனத்திலும் நோயிலும் நாள்தோறும் கேள்விகள், அவற்றுக்கு விடைதேடுவது அக்கல்லூரியின் கடமைகளுள் ஒன்று என்று முன்பே ஏற்கப்பட்டிருக்கிறது. அதே ஊரில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் இருக்கிறது. அங்கும் முனைவர் பட்டம் பெற்றவர்கள் பணிபுரிகிறார்கள். ஆனால் அக்கல்லூரியிடமிருந்து நாம் எதிர்பார்ப்பது பாடம் நடத்துவதையும் தேர்வு வைப்பதையும்தான். கோழிக்குக் கேள்விகள் உண்டு, அந்தக் கோழியை வளர்க்கும் மனிதரின் மொழிக்கும் வரலாற்றுக்கும் கேள்விகள் கிடையாது என்று நாம் முடிவுகட்டிவிட்டோம் போலும்.

2018ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு விதிகளின்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணிநேரம் நேரடியாக வகுப்பெடுக்க வேண்டும். தாளில் இது குறைவாகத் தெரியும். இரண்டு ஷிப்டுகளாக நடக்கும் அரசுக் கல்லூரியில் விடைத்தாள், அகமதிப்பீடு, சேர்க்கைப் பணி, ‘நாக்’ குழுவுக்கான கோப்புகள் எல்லாம் சேர்ந்த பிறகு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. கௌரவ விரிவுரையாளர்களின் நிலை இன்னும் கடினம். பாடச்சுமையில் பெரும்பங்கைச் சுமக்கும் அவர்களால், நிரந்தரப் பணியிடம் இல்லை என்பதனால், பெரும்பாலான திட்டங்களுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரிகளில் வேலைநேரம் இதைவிட இறுக்கமானது.

இவ்வளவுக்கும் நடுவில் இந்த மண்ணில் ஆய்வு நடக்காமல் இல்லை. பெருமாள்முருகனின் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ 2000இல் வெளிவந்தது. பல்கலைக்கழகத் துறையொன்று குழு அமைத்துச் செய்ய வேண்டிய வேலையை ஒற்றை மனிதர் தம் உழைப்பில் செய்தார். பிறகு, நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில், திருச்செங்கோட்டைப் பற்றிக் கள ஆய்வு செய்து நாவல் எழுதுவதற்கு அவருக்கு ஒரு நல்கை கிடைத்தது. பெங்களூரிலுள்ள கலைகளுக்கான இந்திய அறக்கட்டளையின் வழியாக ரத்தன் டாடா அறக்கட்டளை வழங்கியது அது. அந்த ஆய்வின் பயனாக 2010இல் வந்ததே ‘மாதொருபாகன்’. நம் சமவெளிக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் பெற்ற நிதி நல்கைகளில் உலகம் அறிந்த விளைவைத் தந்தது இதுவாகவே இருக்கும்.

ஆனால் அந்த நல்கை எழுத்தாளர் என்ற தனிமனிதருக்கு வந்தது. கல்லூரி ஆசிரியர் என்ற பொறுப்புக்கு வரவில்லை. அத்தகைய ஆய்வுக்கு ஒரு கல்லூரியை நாடி வரும் வழியே நம்மிடம் இல்லாதிருந்தது. 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியபோது, முன்னுரையில் அவர் சொல்லியிருந்த ஆய்வையே பிடித்துக்கொண்டு ‘சான்று எங்கே’ என்றார்கள். நாவலிடம் சான்று கேட்பது முறையா என்பது வேறு விவாதம். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தையில் அவர் நிபந்தனையற்ற மன்னிப்புக்கு இணங்க நேர்ந்ததையும், 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்த இணக்கம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்ததையும் நம் வாசகர்கள் அறிவார்கள். கருத்துரிமை என்ற கோணத்தில் இதைப் பலமுறை பேசியிருக்கிறோம். இன்னொரு கோணமும் உண்டு. ஆய்வு என்பது ஒரு நிறுவனத்தின் பணியாக ஊரறிய நடந்திருந்தால், களக்குறிப்புகள் ஒரு நூலகத்தில் முறையாக வைக்கப்பட்டிருந்தால், கேள்வி எழும்போது ஒரு மனிதரின் வீட்டு வாசலில் மட்டும் அது வந்து நிற்காது. புயலே வந்திருக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. நிற்பதற்கு ஒரு சுவராவது இருந்திருக்கும்.

நிதி இல்லாததே குறை என்று சொல்வோர் உண்டு. ஒரு காலத்தில் மானியக்குழுவின் சிறு ஆய்வுத்திட்டங்கள் இருந்தன. ‘மைனர் புராஜெக்ட்’ என்று ஆசிரியர் ஓய்வறைகளில் பேசப்பட்டது அதுதான். ஹைதராபாத்திலுள்ள வட்டார அலுவலகத்துக்கு விண்ணப்பம் போகும். சிறு தொகை வரும். கலைக் கல்லூரி ஆசிரியரின் கைக்கு எட்டிய கிளை அது. 12ஆம் ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்ததோடு அந்தக் கிளையும் போயிற்று. அந்த ஆண்டுகளில் எழுதப்பட்ட அறிக்கைகள் இன்று எங்கே இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிரதி நிதி தந்த அலுவலகத்தில், இன்னொன்று எழுதியவர் வீட்டுப் பரணில். கல்லூரி நூலகத்தில் கிடைத்தால் அது அதிருஷ்டம்.

இப்போது பெரிய நிதிகளைப் பற்றிய செய்திகள் வருகின்றன. 2023இல் நாடாளுமன்றம் அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்கான சட்டத்தை நிறைவேற்றியது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. அதன் பெரும்பகுதி அரசு சாராத வழிகளில் திரள வேண்டும். முன்னணி நிறுவனம் ஒன்றை அச்சாகவும் வளர வேண்டிய நிறுவனங்களை ஆரங்களாகவும் வைக்கும் திட்டம் ஒன்றையும் அது தொடங்கியது. நல்ல எண்ணம்தான். ஆனால் முதற்கட்டத்தில் ஆரங்களாக இடம்பெறத் தகுதி பெற்றவை பல்கலைக்கழகங்களும் என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களுமே. ராசிபுரத்து அரசுக் கல்லூரி அந்தச் சக்கரத்தில் ஏறவில்லை. கல்லூரி ஆசிரியர் ஆண்டுக்குக் குறைந்தது 90 நாள் பெரிய ஆய்வகம் ஒன்றில் சென்று பணியாற்றும் இன்னொரு திட்டமும் உண்டு. அறிவியல் ஆசிரியருக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால் குச்சிக்கிழங்கு அரைக்கும் சேகோ ஆலைத் தொழிலாளரின் வாழ்வை ஆராய விரும்புபவர் எந்த ஆய்வகத்துக்குப் போவது? அவருடைய ஆய்வகம் ஆத்தூர்ச் சாலையில் இருக்கிறது.

வெளியிலிருந்து வந்து நம் மண்ணை ஆராய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கொல்லிமலையின் சாமையையும் தினையையும் அவற்றை விளைவிக்கும் மக்களையும் குறித்து, சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது; பன்னாட்டு நிதியும் பெற்றிருக்கிறது. அதை நன்றியோடுதான் குறிப்பிடுகிறோம். அவர்களிடம் விஞ்ஞானிகள் இருந்தார்கள். கணக்கு எழுதவும் அறிக்கை அனுப்பவும் ஆட்களும் இருந்தார்கள். மலையடிவாரத்துக் கல்லூரிகளில் அந்த மலையிலேயே பிறந்த மாணவர்கள் படிக்கிறார்கள். அவர்களுடைய ஆசிரியர்களுக்கு இல்லாதது இரண்டாவது வகை ஆட்கள்தாம்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. எங்கள் குழுவிலேயே அதை வலுவாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். கற்பிக்கும் கல்லூரி கற்பித்தால் போதும். நிதியைத் துரத்தத் தொடங்கினால் வகுப்பு பாழாகும். மதிப்பெண்ணுக்காக எழுதப்படும் கட்டுரைகளும் காசு கொடுத்தால் வெளியிடும் இதழ்களும் ஏற்கெனவே போதுமான அளவு சீரழித்துவிட்டன என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ‘நாக்’ படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக நடக்கும் ஆய்வைவிட ஆய்வே இல்லாதிருப்பது மேல். ஆனால் அந்தச் சீரழிவு எங்கிருந்து வந்தது? ஆய்வைக் கட்டாயமாக்கிவிட்டு, அதற்குத் தேவையான நேரத்தையும் உதவியையும் தராததால் வந்தது. பசிக்குச் சோறு போடாமல் ஏப்பத்துக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்தால் பொய் ஏப்பம்தான் வரும்.

உண்மையான சிற்றாய்வு வகுப்பைப் பாழாக்குவதில்லை. தன் தாய் ஆலையில் சொல்லும் ஒரு சொல் அகராதியில் ஏறியிருப்பதைக் கண்ட மாணவியின் முகத்தை எங்களுள் சிலர் நேரில் பார்த்திருக்கிறோம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப்படி ஏறிய பிள்ளைக்கு, தன் வீட்டிலும் அறிவு இருக்கிறது என்று காட்டுவதைவிடப் பெரிய பாடம் எது? அமெரிக்காவில் இளங்கலைக் கல்விக்கென்றே உள்ள கல்லூரிகளின் ஆய்வுக்கு அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளை தனித்திட்டம் வைத்ததும், மாணவர் ஆய்வில் கைவைத்துக் கற்க வேண்டும் என்ற காரணத்தைக் கருதியே.

நாங்கள் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. ஒரு மேசை போதும். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலானவை 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இணைந்தவை. அவை அனைத்துக்கும் பொதுவாக, மாவட்டத்துக்கு ஒன்றாக, ஆய்வு உதவி அலுவலகம் ஒன்று வேண்டும். அறிவிப்புகளைக் கவனித்து உரிய ஆசிரியருக்குச் சொல்லவும், விண்ணப்பத்தைத் திருத்தித் தரவும் தெரிந்த ஒருவர். கொள்முதல், தணிக்கை, பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகியவற்றை அறிந்த ஒருவர். முதல்வர் மாறினாலும் இவர்கள் மாறக் கூடாது. பல திட்டங்களில் நிறுவனத்தின் மேற்செலவுக்கென ஒரு பங்கு தரப்படுகிறது. அது பொதுக்கணக்கில் கரைந்து போகாமல் இந்த மேசைக்கு வரட்டும். நல்கை பெற்ற ஆசிரியருக்கு வாரத்தில் நான்கு மணிநேரம் குறைத்து, அந்த வகுப்புகளுக்குரிய ஊதியத்தைத் திட்டத்திலேயே கேட்கலாம். ஒலிப்பதிவும் களக்குறிப்பும் அறிக்கையும் நூலகத்தில் சேர்ந்த பிறகே திட்டம் முடிந்ததாகக் கருத வேண்டும். ஆய்வின் முடிவு யாரையேனும் உறுத்தும்போது, ‘இது எங்கள் கல்லூரியில் நடந்த ஆய்வு’ என்று சொல்லும் துணிவும் நிர்வாகத்துக்கு வேண்டும். இந்தக் கடைசித் தேவைக்குக் காசு செலவில்லை. ஆனால் அதுதான் அரிது.

நம் பங்கும் இதில் உண்டு. இலக்கிய அன்பர்களாகிய நம்முள் ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர்கள் இருக்கிறார்கள்; வங்கியில் பணிபுரிந்தவர்கள் இருக்கிறார்கள்; நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் நிறைய. அரசு மேசை போடும்வரை காத்திராமல், மாதம் ஒருநாள் ஒரு கல்லூரி ஆசிரியரின் விண்ணப்பத்தையும் கணக்கையும் உடனிருந்து பார்த்துக் கொடுக்கலாம் என்று எங்களுக்குள் பேசி முடிவு செய்திருக்கிறோம். முதலில் அந்தப் பிஸ்கட் டப்பாவைத் திறக்கப் போகிறோம். நண்பர் சம்மதித்துவிட்டார். பேசியவர்களின் குடும்பத்தாரிடம் அனுமதி பெற வேண்டும். பேச்சை எழுத்தாக்க வேண்டும். ஒரு பிரதி கல்லூரி நூலகத்துக்குப் போக வேண்டும். இந்த வேலைக்கு மூன்று விலைப்புள்ளிகள் தேவையில்லை.