பக்கத்து இடம் காலி

சகோதரிகளே, இந்த வாரம் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லப் போகிறேன். வேறு யாருடையதும் அல்ல, என்னுடையதுதான்.

போன மாதம் ராஜபாளையத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை வீட்டுக்குப் போக மதுரை பஸ்ஸில் ஏறினேன். இடமில்லாமல் நாலைந்து பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இடமில்லை என்றா சொன்னேன்? தவறு. ஜன்னலோரத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது, இருபத்தொரு வயதிருக்கும். அவள் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. நின்றவர்களில் ஒருவரும் அதில் உட்காரவில்லை. நானும்தான்.

எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேரில் ஒருத்தி, "முடியைப் பாரேன், கயிறு திரிச்ச மாதிரி!" என்றாள். "ராத்திரியில வந்தா பல்லு மட்டும்தான் தெரியும்" என்றாள் மற்றவள். அந்தப் பெண்ணுக்கு எங்கே தமிழ் தெரியப் போகிறது என்ற தைரியம்! எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாத சிரிப்புதான். ஆனாலும் சிரிப்பு சிரிப்புதானே?

கண்டக்டர் வந்தார். அந்தப் பெண் பணத்தை நீட்டி, "கிருஷ்ணன்கோவில் ஒண்ணு குடுங்கண்ணா, சில்லறை இருக்கு" என்றாள், வெகு தெளிவாக.

முன்னால் நின்ற இருவரும் சட்டென்று ஜன்னல் வழியே மலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பார்ப்பதற்கு மலைகூட அகப்படவில்லை. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "வாங்கக்கா" என்றாள். அவ்வளவுதான். அவள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

டான்ஸானியா நாட்டுப் பெண். என்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். தமிழ் எப்படி வந்தது என்று கேட்டேன். ஹாஸ்டல் சமையல்கார அக்கா கற்றுக் கொடுத்ததாம். முதல் மாதம் காரம் தாங்காமல் மோரும் சாதமுமாகக் காலம் தள்ளியிருக்கிறாள். அவள் ஊரில் 'உகாலி' என்று மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கிண்டி, கையால் உருட்டிச் சாப்பிடுவார்கள். அதைக் கேட்ட சமையல்கார அக்கா, "அட, நம்ம களிதானே!" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை துடுப்பை எடுத்துக் கிண்டியே கொடுத்துவிட்டாராம்.

"அன்னிக்கு அழுதுட்டேன் அக்கா" என்றாள்.

இங்கே படிக்க வருவதில் அவள் தாயாருக்கு இஷ்டமே இல்லை. "அந்த நாட்டுக்கா?" என்று கேட்டாராம். காரணம், 2016 ஜனவரி 31-ம் தேதி பெங்களூரில் நடந்த சம்பவம். ஸூடான் நாட்டவர் ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்துபோனாள். சற்று நேரம் கழித்து, அந்த வழியாக வேறொரு காரில் வந்த டான்ஸானியா மாணவி ஒருத்தியை ஒரு கூட்டம் வெளியே இழுத்து அடித்து மானபங்கப்படுத்தியது. விபத்துக்கும் அவளுக்கும் இருந்த சம்பந்தம் ஒன்றே ஒன்று: தோலின் நிறம்.

வெளிநாட்டாருக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்காதீர்கள். நீடோ தானியா என்ற மாணவர் அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். நம் தேசத்துப் பிள்ளை. 2014 ஜனவரியில் டில்லி லஜ்பத் நகர்க் கடை ஒன்றில் அவருடைய தலைமுடியை யாரோ கேலி செய்தார்கள். பேச்சு முற்றி அடிதடியாயிற்று. மறுநாள் அவர் உயிருடன் இல்லை. வடகிழக்கு மக்களின் குறைகளை ஆராய மத்திய அரசு பெஸ்பரூவா கமிட்டியை அமைத்தது அதற்குப் பிறகுதான். அங்கேயும் முடியில்தான் ஆரம்பித்திருக்கிறது. "கயிறு திரிச்ச மாதிரி" என்றதற்குச் சிரித்தவள் நான்!

இத்தனைக்கும் வெளியார் வருவது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. ராஜபாளையத்து ராஜுக்கள் விஜயநகர காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்களின் வழியினர் என்பார்கள். இன்றும் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறார்கள். அவர்களில் ஒருவரான பி. எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னையில் முதலமைச்சராகவே இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையைக் கிருஷ்ணதேவராயர் பாடியதும் தெலுங்கில்தான். 'ஆமுக்தமால்யதா' என்று காவியத்துக்குப் பெயர். இப்போது கிருஷ்ணன்கோவிலில், 1984-ல் என்ஜினீயரிங் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னால் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கத்தில், ஆந்திரப் பிள்ளைகள் ஏராளம்.

ஆனால் ஒன்று. தெலுங்குப் பிள்ளை கடைத்தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாயைத் திறந்தால்தான் அவன் வெளியூர். இவளோ வாயைத் திறந்தால்தான் உள்ளூர்!

மார்கழி பூராவும் விடியற்காலையில் எழுந்து கரிய நிறத்துக் கண்ணனைப் பாடுகிறோம். பொழுது விடிந்ததும், "பெண் கொஞ்சம் கறுப்பு, அதுதான் யோசிக்கிறோம்" என்கிறோம். என் அத்தை எத்தனையோ ஜாதகங்களை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன்.

நூறு வருஷத்துக்கு முன்னால் கும்பகோணத்திலும் ஒரு தாயார் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பத் தயங்கினாள். அந்தப் பிள்ளை கணித மேதை ராமானுஜன். 1914 மார்ச் 17-ம் தேதி சென்னையில் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜ் குளிரில் அவர் நடுங்குவதைப் பார்த்து, உடன் படித்த வங்காளத்து மஹலநோபிஸ் அறைக்குப் போய்ப் பார்த்தார். கட்டிலில் விரித்திருந்த கம்பளிகளுக்கு மேலேயே படுத்து, ஓவர்கோட்டைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறார் ராமானுஜன்! கம்பளிகளுக்கு உள்ளே புகுந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. அதுவரை யாரும் சொல்லவும் இல்லை. மஹலநோபிஸ்தான் செய்து காட்டினார்.

இன்னொரு சமயம் அவரே சமைத்து, நண்பர்களுக்கு விருந்து வைத்தார். மூன்றாம் தடவை பரிமாற வந்தபோது அவர்கள் போதும் என்றார்கள். வயிறு நிறைந்தால் யாரும் சொல்கிற வார்த்தைதான். ராமானுஜனோ மனம் நொந்து, சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறி ஆக்ஸ்போர்டு போய்விட்டாராம். சொந்த ஊரில் என்றால் இதற்குக் கோபித்துக்கொள்வாரா? தனியாக இருக்கிறவர்களுக்குத் தோல் மெல்லிசாகிவிடுகிறது.

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கிக்கொண்டிருந்தது. "இங்கே உனக்கு எதும்மா ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "போட்டோ எடுக்கறவங்க, கேட்டுட்டு எடுத்தாப் பரவாயில்லக்கா. முடியைத் தொட்டுப் பாக்கறது பிடிக்காது. ஆனா அதையெல்லாம் விட..." என்று நான் உட்கார்ந்திருந்த ஸீட்டின் விளிம்பைத் தட்டினாள். "இது."

பிறகு, மூன்று வருஷத்தில் இந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்றும் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்யவில்லை என்பது போல் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் இங்கே வருகிறேன், நீயும் வா என்று அத்தை வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அத்தையின் ஞாபகம் வந்தது!

"அக்கா, உங்க ஸ்டாப் வந்திருச்சு" என்று அவள்தான் எழுப்பிவிட்டாள்.

அத்தை கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். பதிலே இல்லை. ஒரு காய், இரண்டு காய், மூன்று காய். அரிவாள்மணைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"அந்தப் பொண்ணு காரம் சாப்பிடுமா?"