ஆறு நோட்டு... ஒரே படம்! படிப்பவர்களுக்குக் கைகொடுக்கும் இலவச மைண்ட் மேப்

பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, சமையலை முடித்து, மதியம் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் ஏராளம். ஐந்தாறு நோட்டுகள் நிறைய குறிப்பு எழுதி வைத்திருப்பார்கள். ஆனால், தேர்வு நெருங்கும்போது ‘எதை எங்கே எழுதினோம்?’ என்று தேடுவதிலேயே அந்த ஒரு மணி நேரமும் கரைந்துவிடும்.

இங்கேதான் மைண்ட் மேப் உதவுகிறது. நடுவில் தலைப்பு, அதிலிருந்து மரக்கிளைபோலப் பிரியும் துணைத் தலைப்புகள், அவ்வளவுதான். பிரிட்டனைச் சேர்ந்த டோனி புஸான் 1970-களில் பிரபலமாக்கிய முறை இது. இதைக் கம்ப்யூட்டரில் வரைய, ஃப்ரீபிளேன் என்ற மென்பொருள் முற்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். ஒருமுறை டவுன்லோடு செய்துவிட்டால் போதும், வரைவதற்கு இன்டர்நெட் தேவையில்லை.

எப்படி வரைவது?

அரசியலமைப்பில் ‘அடிப்படை உரிமைகள்’ பாடத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் தலைப்பை எழுதி, டேப் கீயைத் தட்டினால் முதல் கிளை வரும். அதில் ‘சமத்துவம் 14-18’ என்று எழுதி என்டர் தட்டவும். மீண்டும் ஒரு என்டர், அடுத்த கிளை தயார். இப்படியே சுதந்திரம் 19-22, சுரண்டலுக்கு எதிரானது 23-24, சமயம் 25-28, பண்பாடும் கல்வியும் 29-30, அரசியலமைப்புத் தீர்வு 32 என ஆறு கிளைகள்.

சொத்துரிமை எங்கே? 1978-ல் 44-வது திருத்தம் அதை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கியது. இப்போது 300ஏ பிரிவில் சட்ட உரிமையாக மட்டுமே இருக்கிறது. இதற்கு ‘நீக்கப்பட்டது’ என்று தனிக் கிளை போடலாம். நோட்டில் எங்கோ ஓரத்தில் ஒளிந்திருக்கும் தகவல், படத்தில் பளிச்செனத் தெரியும்.

மறந்துவிட்டதா என்று பார்க்க...

கிளையைத் தேர்வு செய்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால், அதன் உள்கிளைகள் மறைந்துகொள்ளும். உள்ளே என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, மறுபடி தட்டிச் சரிபார்க்கலாம். கேள்வி கேட்க ஆள் தேட வேண்டியதில்லை.

கவனிக்க...

* ஒரு கிளைக்கு இரண்டு, மூன்று வார்த்தைகள் போதும். பத்தி பத்தியாக எழுதினால் அது இன்னொரு நோட்டாகிவிடும்.
* புத்தகத்தைப் பார்த்து வரையாமல், படித்து மூடிவிட்டு நினைவிலிருந்து வரையவும். விட்டுப்போன கிளைதான் திரும்பப் படிக்க வேண்டிய பகுதி.
* கலர், படம் என்று அலங்கரிப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.
* ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். பென் டிரைவில் ஒரு காப்பி அவசியம்.

முடித்த மேப்பைப் படமாக மாற்றி மொபைலுக்கு அனுப்பிக்கொள்ளலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் ஒரு பாடத்தையே புரட்டிவிடலாம்.