முதலில் நூலை முடிவு செய்யுங்கள்

ஊரில் புதிதாகச் சைவ சித்தாந்த வகுப்புத் தொடங்க முனையும் அன்பர்கள், தொடக்க விழாவுக்கு யாரை அழைக்கலாம் என்றுதான் நம்மிடம் முதலில் கேட்கிறார்கள். எந்த நூலை எடுப்பது என்ற கேள்வி கடைசியில் வருகிறது. சிலர் அதைக் கேட்பதே இல்லை. விழாவன்று மண்டபம் நிறைகிறது. அடுத்த வாரம் பேச்சாளர் வரமாட்டார், வந்த சிலர் கையிலும் புத்தகம் இராது. அத்தோடு பல வகுப்புகள் நின்றுபோகின்றன.

நூல் என்றதும் சிவஞானபோதத்தை எடுத்துவிடுகிறார்கள். 12 சூத்திரம், 40 வரிதானே என்று தோன்றும். ஆனால் தருக்கப் பயிற்சி இல்லாதவர்கள் முதல் சூத்திரத்திலேயே திணறிவிடுவார்கள். உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயனில் தொடங்குங்கள். 10 அதிகாரம், 100 குறள். திருக்குறள் படித்தவர் எவருக்கும் பழகிய யாப்பு. வாரம் ஒரு குறள் போதும், இரண்டு ஆண்டில் முடியும்.

குறளை எல்லாரும் சேர்ந்து சில முறை ஓதுங்கள். பிறகு ஒருவர் பென்சிலால் சந்தி பிரித்துப் படிக்கட்டும். உரையைத் திறக்குமுன் அவரே பொருள் சொல்லிப் பார்க்கட்டும். இருள்மல நிலை அதிகாரம் வரும்போது, அதுவரை வாய் திறவாத ஒருவர், “உயிரும் அநாதி, மலமும் அநாதி என்றால் குற்றம் யாருடையது ஐயா?” என்று கேட்பார். வகுப்பு உண்மையில் அன்றுதான் தொடங்குகிறது. விடை தெரியாவிட்டால் கேள்வியை நோட்டில் எழுதிவைத்து, அடுத்த வாரம் தேடிக்கொண்டு வாருங்கள். ‘முதலில் தீக்கை வாங்கிவிட்டு வாருங்கள்’ என்று கேட்பவரின் வாயை அடைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது பெரிய கொடுமை. உண்மை விளக்கம் என்னும் நூல் முழுவதும் மாணவர் கேள்வியும் ஆசிரியர் விடையுமாக நடப்பது. உமாபதி சிவமே தம் குருநாதர் மறைஞான சம்பந்தரை நோக்கிக் கேட்ட வினாக்களை வினாவெண்பாவாகப் பாடியவர். தீக்கை பெறும் ஆசை பலருக்குப் படிக்கப் படிக்கத்தான் பிறக்கிறது.

கிழமையை மாற்றாதீர்கள். ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினார். அது வெள்ளிக்கிழமை, பிரசங்கம் வெள்ளிதோறும் தொடர்ந்தது. அவர் அப்போது பார்சிவல் பாதிரியாரிடம் பணியில் இருந்தவர். பிரசங்கத்தையும் அவர் தனியாகச் சுமக்கவில்லை, நண்பர் கார்த்திகேய ஐயரும் துணை நின்றார். மறு ஆண்டே அதே ஊரில் சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. ஒருவரை மட்டும் நம்பிய வகுப்பு, அவர் காய்ச்சலில் படுத்தால் நின்றுவிடும். பாடம் சொல்ல இருவராவது வேண்டும்.

இடம் வீட்டுக் கூடமானாலும் போதும். கோயில் மண்டபமென்றால் சாயரட்சை மேளம் ஒலிக்கும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஊரில் திருமுறை முற்றோதல் குழு இருந்தால் முதல் மாணவர்கள் அங்கேயே கிடைப்பார்கள்.

நான்காம் அதிகாரமான அருளது நிலை தொட்டு, பாடம் சொல்லும் பொறுப்பை மாணவர்களிடமே முறைவைத்துக் கொடுங்கள். தடுமாறுவார்கள், இடைமறித்துத் திருத்தாமல் முடிக்கவிடுங்கள். அவர்களில் ஆர்வமுள்ள ஓரிருவரைத் திருவாவடுதுறை ஆதீனத்தின் ஈராண்டுச் சித்தாந்தப் பயிற்சியில் சேர்த்துவிடுங்கள். முடித்து வந்தபின் சிவஞானபோத வகுப்பை அவர்களே எடுக்கட்டும்.