கரிசல் நிலத்தில் இறங்கும் சிறு விமானம்

சென்ற ஞாயிறன்று காலை, நாகபுரிக்கு வெளியே நம் சங்கத்துப் பிள்ளைகள் மாதிரி விமானம் விடும் புல்வெளிக்கு நாமும் சென்றிருந்தோம். அங்கத்தினர் ஒருவரின் புதல்வி, ஒன்பதாம் வகுப்பில் படிப்பவள், பொங்கற் பணத்தையெல்லாம் சேர்த்து வாங்கிய பயிற்சி விமானத்தை இருமுறை வலம்வரச் செய்து, பதற்றமின்றித் தரையிறக்கினாள். ஆயினும், பத்தடி ஓடுவதற்குள் முன்சக்கரம் நிலவெடிப்பில் சிக்கிற்று. மூக்கு மண்ணில் ஊன்றி, மோட்டாரைத் தாங்கும் பலகை பிளந்தது. இது மூன்றாம் முறையாம். அவள் ஒன்றும் பேசாமல் துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் தந்தையார் நமக்கு எழுதினார்: "இன்னும் கனமான முன்கால் வாங்கித் தரலாமா? அன்றி, இந்த வேலையையே விட்டுவிடச் சொல்லலாமா?"

இரண்டும் வேண்டா என்பதே நம் விடை. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானப் பயிற்சியும் உண்டு. அதிற் சேரவேண்டுமென்பது அக்குழந்தையின் ஆசை. பிழை அவள் கையில் இல்லை. சக்கர அமைப்பில் இருக்கிறது.

முன்சக்கரம் உடைய விமானம் தார்த்தரைக்கு உகந்தது. அதன் எடைமையம் பின்சக்கரங்களுக்கு முன்னே இருப்பதால், சற்றுக் கோணலாக இறங்கினாலும் தானே நேராகிவிடும். கடைக்காரர் அதையே புதியவருக்குக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் கரிசல் மண் கோடையில் வெடிக்கும் என்பதைத் தெற்கே கோவிற்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு நாம் சொல்லவேண்டுமா? அங்கே முதல் அடியை வாங்குவது மெல்லிய முன்காலே. அதைக் கனமாக்கினால் கால் வளையாது. அடி முழுவதும் பலகைக்குப் போகும். பலகையைவிடக் கால் மலிவு.

ஆகவே, முன்காலைக் கழற்றிவிட்டு வால் சக்கரத்துக்கு மாறுவதே நலம். பிரதான சக்கரங்கள் எடைமையத்துக்கு முன்னே வரவேண்டும். விமானத்தைச் சமமாகப் பிடித்து, எடைமையத்திலிருந்து ஒரு தூக்குநூல் விட்டுப் பாருங்கள். அந்நூலுக்கும், எடைமையத்திலிருந்து சக்கர அச்சுக்குச் செல்லும் கோட்டுக்கும் இடையே 15 முதல் 20 பாகை இருந்தால் போதும். பெரும்பாலும் அச்சு இறக்கையின் முன்விளிம்புக்கு நேர் கீழே அமையும். இன்னும் முன்னே தள்ளினால் இறங்கும்போது துள்ளும். பின்னே இழுத்தால் பழையபடி மூக்குக் குத்தும்.

அடுத்தது சக்கரத்தின் அளவு. 3 செ.மீ. அகலமுள்ள வெடிப்பில் 5 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் 5 மில்லிமீட்டர் இறங்கும், 9 செ.மீ. சக்கரமோ அதிற் பாதியளவே இறங்கும். ஒன்றரைக் கிலோ விமானத்துக்கு 8 அல்லது 9 செ.மீ. இலேசான நுரைச் சக்கரமே பொருத்தம். சக்கரத்துக்கு அழகாக மாட்டும் உறையைக் கழற்றி வீட்டில் வையுங்கள். அது புல்லை வாரிக்கொள்ளும்.

காலுக்கு, விறைப்பான எஃகுப் பியானோக் கம்பியை நாம் விரும்புகிறோம். அது வளைந்து மீளும். அலுமினியம் வளைந்தபடியே நிற்கும். எனினும் கையாலேயே நிமிர்த்தலாம். கார்பன் கால் இலேசானது, விலை மிகுந்தது. பெரிய அடியில் வயிற்றுப் பலகையையே பெயர்த்துவிடக் கூடியது. தட்டையான காலாயின் இரண்டு நைலான் திருகாணிகளாற் பூட்டுங்கள். மோதும்போது அவை அறுந்து உடலைக் காக்கும்.

ஒன்றை மறைக்கமாட்டோம். வால் சக்கர விமானம் ஓடும்போது வாலை முன்னே சுழற்றப் பார்க்கும். முதலிரண்டு ஞாயிறுகள் குழந்தைக்கு எரிச்சலாக இருக்கும். ஓட்டந் தொடங்கும்போது எலிவேட்டரைச் சற்றே மேலிழுத்து, வேகம் கூடக்கூடத் தளர்த்தி, சுக்கானைச் சிறிது சிறிதாகத் திருத்தப் பழகவேண்டும். வால் சக்கரத்தைச் சுக்கானோடு நேரே கட்டாமல், இரு சிறு சுருள்வில்களால் இணைத்தால் அதிர்ச்சி செர்வோவைத் தாக்காது.

மழைக்காலத்தில் இவை ஒன்றும் உதவா. ஒட்டுங் கரிசலில் எந்தச் சக்கரமும் உருளாது. அப்பொழுது கால்களையே கழற்றிவிட்டு, ஒருவர் கையால் எறிய, புல்மீது வயிற்றாலேயே இறக்கலாம். எறிபவர் சுழல்விசிறிக்கு விரலைத் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தந்தையாருக்கு ஒரு வேண்டுகோள். பிளந்த பலகையை எறிந்துவிட வேண்டா. அளவெடுத்துப் புதியதை அறுக்க அது வேண்டும். பசையும் கம்பியும் சங்கத்து அலமாரியில் இருக்கின்றன. வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குழந்தையை அழைத்துக்கொண்டு வாருங்கள்.