படுக்கையில் விழும்வரை காத்திருக்க மாட்டோம்!

தோழர்களே,

வரும் கிராமசபைக்கு நம் கிளைகள் அத்தனையும் தீர்மானத்தோடு போக வேண்டும். அதற்கு முந்தைய திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாளில், ஆட்சியர் அலுவலகம் ஒவ்வொன்றிலும் நம் ஆட்கள் மனுவோடு நிற்க வேண்டும். மாநாடு முடியட்டும், மழை ஓயட்டும் என்று தள்ளிப்போட நேரமில்லை. படுக்கைப்புண் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

சாரம் சரிந்து விழுந்தவர், தென்னை ஏறித் தவறியவர், பைக் விபத்தில் சிக்கியவர் என்று தண்டுவடம் அடிபட்ட தோழர்கள் நம் சங்கத்தில் ஒன்றியத்துக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்வந்தவர்களுக்கு இது தெரியும். முதலில் புட்டத்து எலும்புக்கு நேராகத் தோல் சிவக்கும். உணர்ச்சியற்ற இடம், வலிக்காது. சுத்தம் செய்யும்போது வீட்டுப் பெண்கள் பார்த்துச் சொன்னால்தான் தெரியும். அந்தக் கட்டத்தில் வேண்டியது ஒரு காற்றுமெத்தை, சக்கர நாற்காலிக்கு ஒரு நல்ல குஷன், இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க ஒரு ஆள். இதில் எதற்கும் காப்பீட்டு அட்டையை நீட்ட முடியாது. சில நாளில் தோல் உடையும். தினமும் டிரஸ்ஸிங், அதுவும் கைக்காசில். அப்புறம் சீழ், காய்ச்சல், எலும்பு தெரியும் அளவுக்குக் குழி. அப்போது ஆம்புலன்ஸில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடி, உள்நோயாளியாகச் சேர்த்த பிறகுதான் முதன்முதலாக ஒருவர் கேட்பார்: "இன்சூரன்ஸ் கார்டு இருக்கா?"

தோழர்களே, நம் கோபம் முழுவதும் இந்தக் கேள்வி வரும் நேரத்தின் மீதுதான். இங்கே காப்பீடு ஆள் படுத்த பிறகுதான் கண் திறக்கிறது. நமக்கோ படுக்காமல் இருப்பதற்குத்தான் மருத்துவம் வேண்டும்.

தமிழ்நாட்டை எடுத்துக்கொள்வோம். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது, 2018-இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இதய அறுவை சிகிச்சையிலும் புற்றுநோயிலும் எத்தனையோ ஏழைக் குடும்பங்களைக் கந்துவட்டியிலிருந்து காப்பாற்றிய திட்டம் இது. அதைக் குறைசொல்லி நாம் மேடை ஏறவில்லை. ஆனால் 5 லட்சத்தை 10 லட்சமாக்கு என்ற ஒற்றை முழக்கம் நம் கோரிக்கைப் பட்டியலுக்குள்ளும் நுழையப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிறுத்துங்கள். 10 லட்சம் என்று அச்சடித்த அட்டையால் ஒரு சிறுநீர்க் குழாய் வாங்க முடியாது என்றால் அந்தக் கூடுதல் 5 லட்சம் யார் வீட்டுக்குப் போகும்? யோசியுங்கள்.

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பர் முதல் இங்கே நடக்கிறது. நல்ல திட்டம், உயிர்களைக் காக்கிறது. ஆனால் பிழைத்தவர் மாற்றுத்திறனாளியாக வாழத் தொடங்குவது 49-ஆவது மணி நேரத்தில். அதற்குப் பிறகு முப்பது, நாற்பது ஆண்டு கிடக்கிறது. அந்த ஆண்டுகளுக்குச் சேர்ந்தாற்போல் ஒரு திட்டம் கிடையாது.

அட்டை வாங்குவதற்கே உள்ள படிகளைப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் பத்தாயிரம். மகன் கொத்தனார் வேலைக்குப் போனால் மாதத்தில் பாதி நாள் வேலை கிடைத்தாலே கணக்கு இதைத் தொட்டுவிடும். வி.ஏ.ஓ. எப்படி எழுதித் தருகிறார் என்பதில் இருக்கிறது ஒருவரின் ஏழ்மை! அதே வீட்டில் மூளை முடக்குவாதம் உள்ள மகளைப் பார்த்துக்கொள்ளத் தாய் கூலிவேலையை விட்டிருப்பார். அந்த இழப்பு எந்த வருமானச் சான்றிதழிலும் வராது. டயபர், பிசியோதெரபி, ஆட்டோ வாடகை எதுவும் கழிக்கப்படாது. மாற்றுத்திறனாளி உள்ள வீட்டுக்குச் செலவு கூடுதல் என்ற அரிச்சுவடியே இந்த வரம்பை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

2024 அக்டோபர் 29-இல் ஒன்றிய அரசு ஒன்றைத் தொடங்கிவைத்தது: 70 வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு. வரவேற்போம். வருமான வரம்பை நீக்குவது நடக்காத காரியம் என்று இத்தனை நாள் நமக்குப் பாடம் எடுத்த அதிகாரிகளுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் கேட்போம்: ஏன் 70? கல் உடைத்தவருக்கும், தறியில் நின்றவருக்கும், நாற்று நட்டவருக்கும் ஐம்பத்தைந்திலேயே முதுமை வந்துவிடுகிறது. 62 வயதில் பக்கவாதம் வந்தவர் எட்டு ஆண்டு எப்படியாவது தாக்குப்பிடிக்க வேண்டுமா? வயதுக்காக வரம்பை நீக்க முடியுமென்றால், 30 வயதில் கழுத்துக்குக் கீழ் அசையாதவருக்கு ஏன் நீக்க முடியாது? மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு இல்லாத மருத்துவம்: இது நம் முதல் கோரிக்கை.

தனியார் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். நம்மில் அரசு வேலையிலும் வங்கியிலும் இருக்கிற சிலர் அந்த விண்ணப்பத்தை நிரப்பிப் பார்த்தவர்கள்தான். ஊனம் என்று எழுதிய மறுநிமிடம் ஏஜென்டின் குரல் மாறும். 2022 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளுக்கும் மருத்துவக் காப்பீடு பெறும் உரிமை உண்டு, அவர்களுக்கான பாலிசிகளை நிறுவனங்கள் உருவாக்க வேண்டும் என்று சொன்ன பிறகு, 2023 பிப்ரவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதைக் கட்டாயமாக்கியது. 2024 ஏப்ரலில், 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி இல்லை என்ற தடையையும் எடுத்தது. ஏட்டில் கதவு திறந்துவிட்டது. பிரீமியத்தை யார் கட்டுவது? ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். பில்லில் ஒரு பங்கை முதியவர் தலையிலேயே கட்டுகிற பாலிசிகள் ஏராளம். 2025 ஜனவரியில் ஆணையம் ஒரு கடிவாளம் போட்டது: மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை உயர்த்துவதாக இருந்தால் முன்கூட்டியே தன்னிடம் கலந்துபேச வேண்டும் என்று. பத்துப் பத்தாக ஏறினாலே எட்டு ஆண்டில் இரட்டிப்பைத் தாண்டிவிடும். ஒன்றிய அரசின் முதியோர் ஓய்வூதியப் பங்கோ, 80 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பதினைந்து ஆண்டுக்கும் மேலாக அதே 200 ரூபாய்.

சரி, அட்டை இருக்கிறது, பணமும் இருக்கிறது. உள்ளே போக முடிகிறதா?

மருத்துவமனைப் பரிசோதனைக் கட்டில் இடுப்பு உயரத்தில் இருக்கும். சக்கர நாற்காலியில் வருபவரைத் தூக்கி ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் டாக்டர் உட்கார்ந்த இடத்திலேயே பார்த்து எழுதி அனுப்பிவிடுவார். நம் பெண் தோழர்கள் பலர் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கே போகாததற்கு இது போதுமான காரணம். காது கேளாதவருக்கு ஓபி வரிசையில் டோக்கன் எண்ணை வாயால் கூப்பிடுவார்கள். தொழுநோயில் விரல் மழுங்கியவரிடமும், நாற்பது வருடம் சிமென்ட் குழைத்து ரேகை தேய்ந்த பாட்டியிடமும் கைரேகை கேட்கும் இயந்திரம். பார்வையற்றவரைக் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லும் செயலி. இந்தக் கடைசிக் கொடுமை உச்ச நீதிமன்றம் வரை போய், எண்ணிம வழியில் சேவை பெறுவதும் வாழ்வுரிமையின் பகுதிதான் என்று 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்பாகிவிட்டது. நம் ஊர் கவுன்டருக்கு அந்தத் தீர்ப்பை எடுத்துப் போகவேண்டியது நாம்தான்.

சட்டம் நம் பக்கம் நிற்கிறது, தோழர்களே. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 25-ஆவது பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு அருகிலேயே, குறிப்பாகக் கிராமங்களில், இலவச மருத்துவம். அரசு, தனியார் இரண்டு மருத்துவமனைகளிலும் எல்லாப் பகுதிக்கும் தடையற்ற வழி. சிகிச்சையில் முன்னுரிமை. மூன்றும் அந்தப் பிரிவில் இருக்கின்றன. இலவசம் என்ற இடத்தில் மட்டும் வருமான வரம்பு என்ற வால் ஒட்டியிருக்கிறது, அதைத்தான் வெட்டச் சொல்கிறோம். பழைய பொதுக் கட்டடங்களைத் தடையற்றதாக்க அந்தச் சட்டம் தந்த ஐந்தாண்டுக் கெடு 2022-இலேயே முடிந்துபோயிற்று. 2024 நவம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் சிபாரிசாக இருக்க முடியாது, கட்டாயமாக்கு என்று ஒன்றிய அரசுக்கு மூன்று மாதம் கெடு கொடுத்தது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து 50,000-இலிருந்து 5 லட்சம் வரை என்று 89-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் புகார் என்று ஒன்று போனால்தானே? அதை எழுதப்போவது நாம்.

இனி, நம் வரிசையைப் பெரிதாக்குவது பற்றி. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம். இந்த எண்ணை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்பாதீர்கள். பக்கவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட அப்பாவை, சர்க்கரையில் பார்வை போன அம்மாவை, காது மந்தமான தாத்தாவை எந்த வீட்டில் மாற்றுத்திறனாளி என்று சொல்கிறார்கள்? "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். 40 சதவீத ஊனச் சான்றிதழுக்குத் தகுதியுள்ளவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். யாரும் மருத்துவக் குழு முன்னால் கூட்டிப் போவதில்லை. அரசும் மூன்று துறையாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதியோர் கோப்பு ஓரிடம், ஊனமுற்றோர் கோப்பு ஓரிடம், மருந்து ஓரிடம். 75 வயதில் கால் இழந்தவர் மூன்று மாடி ஏற வேண்டும். நாமும் அதேபோல் பிரிந்து கிடப்பது அவர்களுக்கு வசதி. அரசமைப்புச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு முதுமை, நோய், ஊனம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி உதவி தரச் சொல்கிறது. அதை எழுதியவர்களுக்குத் தெரிந்தது இன்றைய செயலாளர்களுக்கும் தெரியட்டும். ஓய்வூதியர் சங்கம், கட்டடத் தொழிலாளர் சங்கம், விவசாயத் தொழிலாளர் சங்கம் எல்லாரையும் இந்த மனுவில் கையெழுத்துப் போடக் கூப்பிடுங்கள். பக்கவாதம் தொழிற்சங்கம் பார்த்து வருவதில்லை.

புதிதாக எதையும் வானத்திலிருந்து கேட்கவில்லை. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நம் தெருவுக்கு வருகிறது. ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பிசியோதெரபியும் வலிதணிப்புச் சிகிச்சையும்கூடத் திட்டத்தில் உண்டு. அந்தப் பையில் இன்னும் நாலு பொருளை வையுங்கள் என்கிறோம்: சிறுநீர்க் குழாய், டிரஸ்ஸிங் பொருள், டயபர், காற்றுமெத்தை. பிசியோதெரபி எப்போதாவது வருவதாக இல்லாமல் தேதி குறித்து வரட்டும். அந்தப் பையைச் சுமந்து வீடு வீடாக ஏறி இறங்கும் பெண் தன்னார்வலர்களுக்கு ஊக்கத்தொகைக்குப் பதில் முறையான சம்பளம் கொடுங்கள் என்பதும் நம் கோரிக்கைதான். அவர்களை அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள். எந்த வீட்டில் யார் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார் என்று நம்மைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

வேலைக்கு வருவோம். இந்த வாரமே ஒவ்வொரு கிளையும் தன் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் தாலுகா மருத்துவமனையையும் அளக்க வேண்டும். கொத்தனார் தோழரிடம் ஓர் அளவு டேப் வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் அது சாய்தளம், அதற்குக் குறைந்தால் சறுக்கு மரம். வாசல் கதவு 90 சென்டிமீட்டர் இருக்கிறதா? கழிவறைக்குள் சக்கர நாற்காலி திரும்புமா? அந்தக் கழிவறைச் சாவி யாரிடம் இருக்கிறது? பரிசோதனைக் கட்டில் எவ்வளவு உயரம்? சைகை மொழி தெரிந்தவர் யாராவது உண்டா? போட்டோ எடுங்கள், தேதி போடுங்கள். ஊழியர்களோடு சண்டை வேண்டாம். நர்ஸும் வார்டு ஊழியரும் ஆள்பற்றாக்குறையில் நொந்து கிடக்கிறார்கள், நம் மனுவில் அவர்கள் காலியிடங்களையும் சேர்த்து எழுதுங்கள்.

அளந்த தாளை மனுவோடு இணைத்து மூன்று பிரதி எடுங்கள். ஒன்று ஆட்சியருக்கு, ஒன்று மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு, ஒன்று கிளைக் கோப்புக்கு. மனு கொடுத்ததும் ரசீது எண் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். கிராமசபையில் தீர்மானம் வாசிக்க விடாவிட்டால் உட்கார்ந்து எழுதவைத்து நகல் கேளுங்கள். வர முடியாத தோழர்களின் கையெழுத்தை வீட்டுக்குப் போய் வாங்குங்கள், கைநாட்டு பதியாதவர்களுக்குச் சாட்சிக் கையெழுத்து போதும். வண்டி ஏற்பாட்டை ஒன்றியச் செயலாளர்கள் சனிக்கிழமைக்குள் முடித்துவிட வேண்டும். சக்கர நாற்காலி ஏறும் வண்டியை முதலில் பிடியுங்கள், மற்றதெல்லாம் பிறகு. திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஆட்சியர் அலுவலகத்தின் பின்வாசல் சாய்தளம் வேண்டாம், முன்வாசலில் கூடுவோம்.